ரைக்கன்பாக் அருவியைப் பிரதி எடுத்தபோது: வெள்ளை பூசாமல் தண்ணீர் வரைவது

ஆங்கில ஓவியர் டர்னர் 1804இல் நீர்வண்ணத்தில் தீட்டிய ரைக்கன்பாக் பேரருவியை அரை அளவில் பிரதி எடுத்து முடித்திருக்கிறேன். அந்த அருவிக்கு அவ்வளவு வெண்மை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வேலையையே எடுத்தேன். என்ன செய்தேன், எது ஏன் பலித்தது என்பதைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குக் காகிதத்திலும் நிறத்திலும் வீண் செலவு குறையும்.

மூலம் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகரில், ஹிக்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 102 செ.மீ. உயரம், 69 செ.மீ. அகலம். கையில் வைத்துப் பார்க்கிற சின்னப் படங்களுக்கே நீர்வண்ணம் என்று பலர் நினைத்த காலத்தில் இது சுவரை நிறைக்கிற அளவு. அதே 1804இல்தான் லண்டனில் நீர்வண்ண ஓவியர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். ராயல் அகாடமி கண்காட்சிகளில் எண்ணெய் ஓவியங்களுக்கு நடுவே தங்கள் படங்கள் எடுபடவில்லை என்பது அவர்கள் குறை. டர்னர் அந்தச் சங்கத்தில் சேரவில்லை, ஆனால் எண்ணெய் ஓவியத்துக்கு இணையாக நிற்கிற நீர்வண்ணத்தை அவர் தனியாகவே செய்துகொண்டிருந்தார்.

இடம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் மலைப்பகுதி, மைரிங்கன் ஊருக்கு மேலே. 1802 மார்ச்சில் ஆமியான் உடன்படிக்கை கையெழுத்தாகி பிரிட்டன், பிரான்ஸ் சண்டை ஓய்ந்தது. பல வருடங்களாக ஐரோப்பாவுக்குள் நுழைய முடியாமலிருந்த ஆங்கில ஓவியர்களுக்கு வழி திறந்தது. 27 வயது டர்னர் அந்தக் கோடையிலேயே ஆல்ப்ஸுக்குக் கிளம்பிவிட்டார். 1803 மே மாதம் மறுபடி போர் மூண்டபோது அவர் நோட்டுப் புத்தகங்களோடு பத்திரமாக லண்டனில் இருந்தார். அந்த நோட்டுகளில் ஒன்று, செயின்ட் கோத்தார்டு, மாண்ட் பிளாங்க் பயண நோட்டு, இன்று லண்டனின் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளது. அதன் வெள்ளைப் பக்கங்களுக்கு முன்கூட்டியே சாம்பல் நிற வாஷ் (தண்ணீரில் நீர்த்த நிறத்தின் மெல்லிய பூச்சு) கொடுத்து, பனியும் நீரும் வருகிற இடத்தில் சாம்பலைத் தேய்த்தும் சுரண்டியும் எடுத்திருக்கிறார். என் வேலைக்கு முதல் துப்பு அதுதான்.

இரண்டாவது துப்பு ஜோசப் ஃபாரிங்டன். அவரும் ஓவியர், தினமும் நாட்குறிப்பு எழுதியவர். டர்னர் வெளிச்சத்தை எப்படி வரவழைக்கிறார் என்று 1804இல் குறித்து வைத்திருக்கிறார். முதலில் இருண்ட நிறம் பரப்பிவிட வேண்டும். வெளிச்சம் வர வேண்டிய வடிவங்களை வெள்ளைச் சுண்ணப் பென்சிலால் அதன்மேல் வரைய வேண்டும். தண்ணீர் தோய்த்த தூரிகையால் அந்த இடங்களை நனைத்து, நனைந்து இளகிய நிறத்தை ஒற்றுத்தாளால் எடுக்க வேண்டும். பிறகு ரொட்டித் துகளால் துடைக்க வேண்டும். தூரிகையைக் கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் லேசாக இழுத்தால் ஈரம் அங்கங்கே மட்டும் படியும். ஒற்றினால் வெளிச்சமும் விட்டுவிட்டு வரும். படத்தில் இருக்கும் வருடமும் இந்தக் குறிப்பின் வருடமும் ஒன்று. இதைப் படித்த பிறகு மாஸ்கிங் ஃப்ளூயிட் (நிறம் படாமல் காகிதத்தை மறைத்து, பிறகு உரித்தெடுக்கிற ரப்பர் திரவம்) பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அருவி வரைய இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, மாஸ்கிங் ஃப்ளூயிட் பூசி வெள்ளையைக் காப்பாற்றுவது. இன்னொன்று, கடைசியில் வெள்ளை குவாஷ், அதாவது அடியை மறைக்கிற கெட்டி நீர்வண்ணம், பூசுவது. முதலாவதில் விளிம்பெல்லாம் ஒரே கூர்மையாக வரும். இரண்டாவதில் வெள்ளை மேலே உட்கார்ந்திருப்பது தெரியும், பாறைக்கு முன்னால் ஒட்டின மாதிரி. உயரத்திலிருந்து விழுகிற தண்ணீருக்கு இரண்டுமே பொருந்தாது, ஏனென்றால் அதற்குப் பல வகை விளிம்புகள் ஒரே சமயத்தில் வேண்டும். பாறை உதட்டில் கூர்மை, நடுவில் கலக்கம், காற்று அள்ளிக்கொண்டு போகும் பக்கம் விளிம்பே இல்லாத புகை.

காகிதம்

எல்லாம் காகிதத்தில்தான் இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். நிறத்தைப் பூசி, காயவிட்டு, மறுபடி நனைத்து, ஒற்றி, தேய்த்து, கடைசியில் கத்தியாலும் சுரண்ட வேண்டும். இதையெல்லாம் தாங்குகிற காகிதம் டர்னர் காலத்து இங்கிலாந்தில் தயாராக இருந்தது. மெய்ட்ஸ்டோன் அருகே டர்க்கி மில்லில் ஜேம்ஸ் வாட்மன் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கொண்டுவந்த வழவழப்பான 'வோவ்' காகிதம் அது. பழைய துணிக் கந்தலில் செய்து, தோலிலிருந்து காய்ச்சிய ஜெலட்டினில் தோய்த்து உலர்த்தினார்கள். ஜெலட்டின் உறை இருப்பதால் நிறம் நாருக்குள் இறங்காமல் மேலேயே தங்கும். மேலே தங்கினால்தான் திரும்ப எடுக்க முடியும்.

மூன்று வகைக் காகிதத்தை எடுத்துச் சோதித்தேன். எல்லாவற்றிலும் ஒரே அடர்த்தியில் இருண்ட சாம்பல் கட்டம் போட்டு, ஓர் இரவு காயவிட்டு, காலையில் ஒரே தூரிகையால் நனைத்து ஒற்றினேன். மாணவர்கள் வாங்குகிற மரக்கூழ்க் காகிதத்தில் நிறம் திட்டுத் திட்டாக வந்தது, இரண்டாவது முறை தேய்த்ததும் மேல்தோல் உருண்டு கையோடு வந்துவிட்டது. பசைப்பூச்சு குறைந்த கைத்தயாரிப்புப் பருத்திக் காகிதம் உறுதியானது, ஆனால் நிறத்தைக் குடித்துவிட்டது; வெளிர் சாம்பலுக்கு மேல் வெளுக்கவில்லை. ஜெலட்டின் பூசிய 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திக் காகிதத்தில் ஏறக்குறைய முழு வெள்ளை திரும்பி வந்தது. பிரான்ஸின் ஆர்ஷ், இங்கிலாந்தின் சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்டு இரண்டுமே ஜெலட்டின் பூச்சு உள்ளவை. நான் கோல்டு பிரஸ், அதாவது லேசான மேடுபள்ளம் உள்ள தாள், எடுத்துக்கொண்டேன். முழுத் தாள் 56 × 76 செ.மீ.; அதைப் பாதியாக்கினால் 38 × 56. டர்னர் படத்தின் அரை அளவு 34.5 × 51 என்பதால் சுற்றிலும் டேப் ஒட்ட இடம் விட்டு அப்படியே பொருந்துகிறது.

விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, அதையும் செய்து பார்த்தேன். கைத்தயாரிப்புக் காகிதத்துக்கு நாமே ஜெலட்டின் பூசலாம். 100 மி.லி. தண்ணீருக்கு 2.5 கிராம் சுவையூட்டாத ஜெலட்டின். அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, அப்புறம் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்துக் கரைக்க வேண்டும். கொதிக்க விடக்கூடாது, கொதித்தால் ஜெலட்டினின் பிடிப்பு போய்விடும். சூடு இருக்கும்போதே அகலத் தூரிகையால் இரண்டு பக்கமும் பூசிக் கொடியில் தொங்கவிட்டேன். கடையில் சைனா கிராஸ் என்று தருவார்கள், அது கடற்பாசி, இதற்கு உதவாது. பழைய காகித ஆலைகளில் பசையை இறுக்கப் படிகாரம் சேர்த்தார்கள். படிகாரம் அமிலத்தன்மை உண்டாக்கி நாளடைவில் காகிதத்தைப் பழுப்பாக்கும் என்பதால் நான் சேர்க்கவில்லை. இப்படிப் பூசிய தாள், கடையில் வாங்கியதன் அளவுக்கு இல்லாவிட்டாலும், பூசாததைவிடப் பல மடங்கு நன்றாக நிறத்தை விட்டுக்கொடுத்தது. பயிற்சிப் படங்களை எல்லாம் அதில்தான் செய்தேன்.

நிறம்

அன்றைய ஆங்கில நீர்வண்ணக்காரர்கள் மேகத்துக்கும் மலைக்கும் சாம்பல் வேண்டுமென்றால் இண்டிகோவையும் இண்டியன் ரெட்டையும் கலப்பார்கள். அவுரியிலிருந்து எடுத்த நீலம் ஒன்று, இரும்பு ஆக்சைடுச் சிவப்பு ஒன்று. நீலம் கூடினால் ஈரமான பாறை, சிவப்பு கூடினால் மாலை மேகம். இந்த ஒரு கலவையை நன்றாகப் பழகிக்கொண்டால் படத்தின் முக்கால் பாகம் அதிலேயே முடியும்.

இன்றைய டியூப்களில் இண்டிகோ என்று போட்டிருப்பது பெரும்பாலும் அவுரி அல்ல. லேபிளின் பின்பக்கம் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பிபி 15 என்று இருந்தால் அது தாலோ நீலம், காகிதத்தில் ஏறினால் இறங்கவே இறங்காது. பிபி 27 என்றால் பிரஷ்ஷியன் நீலம், அதுவும் கறை பிடிக்கும் சாதி. உண்மையான அவுரிக்கு என்பி 1 என்று இருக்க வேண்டும். துணிச் சாயத்துக்கு விற்கும் அவுரித் தூளை வாங்கி நானே அரைத்துக்கொண்டேன். திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது, தூள் கிடைப்பதில் சிரமமில்லை. அவுரி தண்ணீரோடு சட்டென்று சேராது, மேலே மிதக்கும். சில சொட்டு ஆல்கஹால் விட்டால் அடங்கும். அப்புறம் வேலம்பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் தேன் சேர்த்து, கண்ணாடிப் பலகையில் கண்ணாடிக் குழவியால் அரைக்க வேண்டும். குழவிக்கு அடியில் நறநறவென்ற சத்தம் நிற்கும் வரை அரைக்க வேண்டும், வேறு அளவு கிடையாது.

பிசினைத் தாராளமாகவே விட்டேன். உலர்ந்த நிறத்தை நனைத்தால் முதலில் இளகுவது பிசின்தான், அது இளகும்போது தூளையும் விடுவிக்கிறது. ஜெலட்டின் உறை கீழே, பிசின் கூடுதலான நிறம் மேலே. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஃபாரிங்டன் எழுதிய முறை பலிக்கும்.

இருட்டு முதலில்

தாளை நனைத்துப் பலகையில் கம் டேப்பால் ஒட்டி இறுக்கினேன். பென்சிலில் பாறைகளின் எல்லை மட்டும். அருவிக்குள் ஒரு கோடுகூடப் போடவில்லை. வானத்துக்கும் தொலைவுப் பாறைக்கும் மெல்லிய மஞ்சள் காவி வாஷ் கொடுத்துக் காயவிட்டு, அதன்மேல் சாம்பல்.

சாம்பலை அருவியின் மேலேயே இழுக்க வேண்டும். மனசு ஒப்பாது. வெள்ளையாக வர வேண்டிய இடத்தில் தெரிந்தே இருட்டைப் பூசுவதற்கு ஒரு நம்பிக்கை வேண்டும், அந்த நம்பிக்கையைக் கொடுத்தது சோதனைக் கட்டங்கள்தான். அருவி வரும் நடுப்பகுதியில் நடுத்தரச் சாம்பல், இரண்டு பக்கப் பாறைகளிலும் அதைவிடக் கனமாக, மூன்று நான்கு அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. சென்னையில் மழைக்காலக் காற்றின் ஈரத்தில் ஒரு வாஷ் காயவே நேரம் பிடித்தது. மின்விசிறியைத் தாளின் மேல் நேராகத் திருப்பாமல் சுவரைப் பார்த்து வைத்தேன், நேராக வைத்தால் விளிம்புகளில் நிறம் ஒதுங்கிக் கோடு விழும்.

கடைசி அடுக்கு காய்ந்ததும் சுண்ணப் பென்சிலால் நீரின் போக்கை வரைந்தேன். இதற்கு முன்னால் உயர அருவிகளின் வீடியோக்களை மெதுவாக ஓடவிட்டு நிறையப் பார்த்தேன். ரைக்கன்பாக்கின் மேல் அருவி 100 மீட்டருக்கு மேல் விழுகிறது. அந்த உயரத்தில் தண்ணீர் ஒரே தாரையாக விழுவதில்லை. பாறை உதட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்வரை ஒன்றாக இருக்கும், அப்புறம் உடையும். உடைந்த ஒவ்வொரு திரளுக்கும் கூரான தலை கீழ்நோக்கியும், காற்றில் பிய்ந்த வால் மேல்நோக்கியும் இருக்கும். ஒன்றையொன்று முந்திக்கொண்டு இறங்கும். எனவே வெளிச்சம் மேலிருந்து கீழே நீள்கோடாக ஓடக்கூடாது. சின்னச் சின்னத் திரள்களாக, தலைப்பக்கம் கூர்மையாகவும் வால்பக்கம் கரைந்தும் வர வேண்டும்.

ஒரு திரளை எடுப்பதை விளக்கமாகச் சொல்கிறேன். நான்காம் எண் உருண்டைத் தூரிகையைச் சுத்தமான தண்ணீரில் தோய்த்து, துணியில் ஒருமுறை தொட்டு, தலைப்பக்கம் அழுத்தி வைத்து மேலே இழுத்துத் தூக்கினேன். தலையில் தண்ணீர் குமிழாக நிற்கும், வாலில் ஈரம் மட்டும் இருக்கும். பத்து எண்ணும் வரை பொறுத்தால் அந்தக் குமிழுக்குள் நிறம் கலங்குவது கண்ணுக்கே தெரியும். அப்போது ஒற்றுத்தாளை மேலிருந்து நேராக வைத்து அழுத்தி, நேராக எடுக்க வேண்டும். துடைத்தால் போச்சு, பக்கத்துச் சாம்பலும் சேர்ந்து வந்துவிடும். ஒற்றுத்தாளின் சுத்தமான பகுதியை ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்ள வேண்டும். தாளை எடுத்ததும் தலையில் பளிச்சென்ற வெளிச்சம், வாலில் மெல்லிய சாம்பல். ஒரே தொடுகையில் இரண்டு விளிம்பும் கிடைக்கிறது, அதைக் கண்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கை என்ன செய்தது என்பது என் கைக்குப் புரிந்த இடம் அது.

இந்த ஈரம் முழுவதும் உலர்ந்த பிறகு ரொட்டி. ரப்பர் அழிப்பான் 1770 வாக்கிலேயே லண்டனில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஓவியர்கள் ரொட்டியை விடவில்லை, ஏன் என்று பயன்படுத்தினால் தெரிகிறது. ரப்பர் காகிதத்தை அராவும், ரொட்டித் துகள் தளர்ந்த தூளை மட்டும் ஒட்டி எடுத்துக்கொள்ளும். நம் கடை சாண்ட்விச் ரொட்டியில் எண்ணெயும் சர்க்கரையும் இருக்கிறது, அது காகிதத்தில் கறையாகும். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும் சேர்ந்த ரொட்டியை வாங்கி, மறுநாள் அதன் நடுப்பகுதியைக் கிள்ளி எடுத்துப் பயன்படுத்தினேன். வேலை முடிந்ததும் மிருதுவான அகலத் தூரிகையால் துகளை முழுக்கத் தட்டிவிட வேண்டும், இல்லையென்றால் எறும்பும் பாச்சையும் தேடி வரும்.

சாரலுக்கு உலர்தூரிகை. நிறமில்லாமல் வெறும் ஈரத்தோடு, தூரிகையைப் படுக்க வைத்து, காற்று அடிக்கிற திசையிலேயே இழுத்து உடனே ஒற்றினேன். கோல்டு பிரஸ் தாளின் மேடுகளில் மட்டும் ஈரம் படுவதால் பொடிப் பொடியாக வெளிச்சம் வருகிறது. பாறையின் மேல் சாரல் படர்வது இதைவிட எளிதாக வேறு எதிலும் வராது.

கத்தி

சுரண்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. சுரண்டிய இடத்தில் ஜெலட்டின் உறை போய் நார் எழும்பிவிடும். அதன்மேல் நிறம் பட்டால் மற்ற இடத்தைவிட இருண்டு அழுக்காகத் தெரியும், திருத்த முடியாது. வளைந்த முனையுள்ள அறுவைக் கத்தி பிளேடு வசதி, கூர்முனை பிளேடு குழி பறிக்கும். பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து லேசாக உரசினால் காகிதத்தின் மேடுகள் மட்டும் வெளுக்கும். முனையால் இழுத்தால் ஒற்றை வெள்ளை இழை. பாறை உதட்டில் தண்ணீர் திரும்புகிற இடத்திலும், பாறையில் மோதித் தெறிக்கிற இடங்களிலும் மட்டும் இதைச் செய்தேன். அதிகம் செய்தால் அருவி கம்பியாகிவிடும்.

டர்னர் இதற்கு நகத்தையும் பயன்படுத்தியவர். யார்க்‌ஷயரில் ஃபார்ன்லி ஹால் மாளிகையின் வால்டர் ஃபாக்ஸ் அவருடைய நண்பர், புரவலர். 1818இல் அங்கே தங்கியிருந்தபோது, போர்க்கப்பல் ஒன்று சரக்கு ஏற்றும் காட்சியை ஒரே காலையில் தீட்டினார். கழுகு நகம் மாதிரி வளர்ந்த கட்டைவிரல் நகத்தால் கடலைக் கீறிக் கீறி அலையாக்கியதை அந்த வீட்டுப் பையன் கூடவே இருந்து பார்த்தான் என்பது குடும்பத்தில் வழங்கிய செய்தி. அந்தப் படமும் பெட்ஃபோர்டில்தான் இருக்கிறது. நானும் ஓர் ஓரத்தாளில் நகத்தை முயன்றேன். உலர்ந்த தாளில் ஒன்றும் நடக்கவில்லை. அரை ஈரத்தில் கீறினால் நிறம் ஒதுங்கி வெளிர் கோடு வருகிறது, கத்தி தராத மென்மை அதில் இருக்கிறது.

முன்பக்கத்து முறிந்த மரங்களையும் பாறைகளையும் வேகமாக முடித்தேன். எரித்த அம்பர் என்கிற பழுப்பு மண் நிறம், விளக்குக் கரி, கொஞ்சம் அவுரி. மிக இருண்ட இடங்களில் மேலே நீர்த்த பிசின் ஒரு பூச்சு கொடுத்தால் இருட்டுக்கு ஆழம் வருகிறது. கனமாகப் பூசினால் பின்னாளில் வெடிக்கும்.

எனக்குத் திருப்தி தராத இடம் அருவியின் அடி. அங்கே மூலத்தில் நீரும் சாரலும் பாறையும் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன, எங்கே எது முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. நான் வேலை செய்தது அச்சுப் பிரதியையும் திரையையும் பார்த்து. அச்சில் அந்தப் பகுதி ஒரே சாம்பலாகத் தெரிகிறது, நேரில் பார்த்தால்தான் எத்தனை அடுக்கு என்று எண்ண முடியும். காகிதத்தில் உள்ள நீர்வண்ணங்களை அருங்காட்சியகங்கள் வருடம் முழுவதும் மாட்டி வைப்பதில்லை. மங்கலான வெளிச்சத்தில், 50 லக்ஸ் (ஒளியளவின் அலகு) அளவில், கொஞ்ச காலம் காட்டிவிட்டு இருட்டறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

அதற்கு ஒரு காரணம் இதே அவுரி போன்ற வெளுக்கிற நிறங்கள்தான். வெயில் பட்டால் நீலம் போய் இண்டியன் ரெட் மட்டும் நிற்கும், சாம்பல் மேகம் சிவந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் இது பெரிய சர்ச்சையாகி, ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1888இல் நீர்வண்ணங்கள் மேல் ஒளியின் விளைவைப் பற்றி விரிவான அறிக்கை கொடுத்தார்கள். நானும் என் சாம்பல் கலவையை ஒரு பட்டையாகப் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, மேற்குச் சன்னலில் ஒட்டினேன். மூடாத பாதி இப்போதே செம்மை தட்டுகிறது. அதனால் பிரதியைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. அமிலமில்லாத தாளில் சுற்றி அட்டை உறைக்குள் படுக்க வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

அடுத்து அதே தாளின் மீதிப் பாதியில் அருவியின் அடியை மட்டும் பெரிதாக்கிச் செய்யப் போகிறேன்.